சோப்பு டப்பாவில் கில்மோர்

அந்த காசெட்டுக்கு உறை கிடையாது. டி.டி.கே. 90 நிமிட நாடா. லேபிளில் நீல மையில் 'ஃப்ளாய்ட்' என்று மட்டும் எழுதியிருந்தது. திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் க்வார்ட்டர்ஸுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அந்த வீட்டு அங்கிளும் என் அப்பாவும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கிளின் மூத்த மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடியேறியிருந்தார். தனக்குப் பிடித்த பிங்க் ஃப்ளாய்ட் பாட்டுகளை இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கி ஒரு நாடாவில் பதிந்து அங்கிருந்து அனுப்பினார். அங்கிள் அதைத் தன் இரட்டை டெக்கில் போட்டு எனக்கொரு பிரதி எடுத்துக் கொடுத்தார். 1991-ம் வருடம், எனக்கு 15 வயது. அதுவரை நான் கேட்டிருந்த எலெக்ட்ரிக் கிடார் எல்லாம் இளையராஜா பாட்டுகளின் இடையிசையில் வந்ததுதான்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'கம்ஃபர்டப்ளி நம்ப்'. 1979-ல் வந்த 'தி வால்' ஆல்பத்தில் உள்ளது. அதில் பேண்டின் கிடாரிஸ்ட் டேவிட் கில்மோர் இரண்டு சோலோ வாசித்திருப்பார். இரண்டாவது சோலோ தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நாடா தீர்ந்து 'டக்'கென்று பட்டன் எகிறிவிடும். என் பாட்டு அங்கேதான் முடியும். மிச்சம் என்ன இருக்கிறது என்பது எனக்கு ஆறு வருடம் தெரியாது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கிடாரைத் தட்டினால் ஒலி எழும், உடனே தேயத் தொடங்கும். கில்மோருடையது தேயவில்லை. தட்டிய பிறகு கொஞ்சம் பெருத்தது, நின்றது, பிறகு அவர் விரும்பிய இடத்தில் வளைந்தது. கர்னாடக சங்கீதம் கொஞ்சம் கற்றிருந்த அம்மா அடுப்படியிலிருந்தே, "யாருடா அது, ஒரே ஸ்வரத்துல நின்னு இழைக்கிறாரு?" என்று கேட்டாள். அதற்கு மேல் அந்த பேண்டைப் பற்றி அம்மா எதுவும் கேட்டதில்லை.

அப்பா சொஸைட்டி லோன் போட்டு கிவ்சன் எலெக்ட்ரிக் கிடார் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கல்கத்தா சரக்கு. பெயரைப் படிக்கும்போதே எந்த அமெரிக்கப் பெயரை நினைத்து வைத்தார்கள் என்று தெரிந்துவிடும். கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு பென்சிலை நுழைக்கலாம். ஆம்ப் வாங்கப் பணம் இல்லை. அங்கிள் வீட்டில் பழைய மர்ஃபி வால்வு ரேடியோ இருந்தது. அந்தக் கால ரேடியோக்களின் முதுகில் கிராமபோன் பிக்-அப்பை இணைக்க ஒரு சாக்கெட் உண்டு. அதில் கிடார் ஒயரைச் செருகினால் ரேடியோவே ஆம்ப். வால்வு சூடேற அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். சத்தத்தை முழுக்க ஏற்றினால் லேசாகக் கரகரக்கும். (இதைப் படித்துவிட்டு யாரும் முயன்று பார்க்க வேண்டாம். அங்கிளுடையது ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த செட். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டுகளில் சேஸிஸிலேயே மின்சாரம் ஓடும். அப்படியொன்று வாய்த்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது.)

காசெட்டோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் சுதி சேராது. என் காது சரியில்லை என்று நினைத்து, கிடாரின் எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் ஏற்றி முறுக்கினேன். ஏற்கெனவே மிதமிஞ்சிய இழுவிசையில் இருந்த கம்பியை கில்மோர் மாதிரி வளைத்தால் என்ன ஆகும்? அறுந்து கையில் அடிக்கும். "என்ன மேன், டெய்லி ஒரு ஸ்ட்ரிங் சாவுது உன்கிட்ட?" என்பார் அங்கிள். பிரதி எடுத்த டெக்கின் பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் என் நாடா வேறு செட்டில் வேகமாக ஓடுகிறது, பி மைனரில் உள்ள பாட்டு சி மைனர் பக்கம் போய் நிற்கிறது என்பதெல்லாம் பின்னால் புரிந்தது. அப்போது புரிந்தது ஒன்றுதான்: ஒற்றைக் கம்பியாக வாங்கினால் விலை அதிகம், செட்டாக வாங்க வேண்டும்.

பிறகு எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் எஞ்சினீயரிங் சேர்ந்தேன். இரண்டாம் வருட லேபில் எல்லோரும் செய்கிற ஒரு சோதனை: பி.சி. 107 ட்ரான்ஸிஸ்டரை வைத்து ஆம்ப்ளிஃபையர் கட்டி, உள்ளே போகும் அலையும் வெளியே வரும் அலையும் ஒரே வடிவத்தில் இருப்பதை சி.ஆர்.ஓ. திரையில் காட்ட வேண்டும். நான் உள்ளே போகும் சிக்னலை ஏற்றிக்கொண்டே போனேன். திரையில் மலைபோல் இருந்த அலையின் உச்சி வெட்டுப்பட்டு மொட்டை மாடியாகிவிட்டது. பின்னால் வந்து நின்ற ஆசிரியர், "க்ளிப் ஆகுது பாரு, இன்புட்டைக் குறை" என்றார். அந்த மொட்டை மாடிதான் ராக் கிடாரின் பாதிச் சத்தம் என்பதை அன்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. உச்சி வெட்டுப்பட்ட அலையில் மூல ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்வரங்களும் சேர்ந்துகொள்கின்றன. கம்பியின் அதிர்வு பாதியாகக் குறைந்த பிறகும் வெட்டுமட்டத்துக்கு மேலேயே இருப்பதால், வெளியே வரும் சத்தம் குறைவதில்லை. தேயாமல் நிற்பது அதனால்தான். அம்மா சொன்ன அந்த இழைப்பின் ரகசியத்தைத் திரையில் பார்த்துவிட்டு, மதிப்பெண்ணுக்காக இன்புட்டைக் குறைத்துக் காட்டிவிட்டு வந்தேன்.

1997-ல் வேலை கிடைத்துச் சென்னை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் பங்கிட்ட அறை. முதல் சம்பளத்தில் 'தி வால்' சி.டி. வாங்கினேன். 'டக்'கென்று நின்ற இடத்துக்கு அப்பால் சோலோ இன்னும் ஒரு நிமிடம் போல ஓடி மெல்ல மங்கியது. பரவசப்பட்டிருக்க வேண்டும்தான். தெரிந்த வீட்டில் திடீரென்று ஒரு கூடுதல் அறையைக் கண்டதுபோல இருந்தது; உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. அந்த சோலோவை கில்மோர் ஒரே மூச்சில் வாசிக்கவில்லை என்பதை எங்கோ படித்தேன். ஐந்தாறு முறை வாசித்துப் பதிந்து, ஒவ்வொன்றிலும் நல்ல பகுதிகளைக் குறித்துக்கொண்டு, மிக்ஸரில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி இணைத்தது அது. பெர்த் மகன் பாட்டுகளைப் பொறுக்கியதுபோலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெடல் பைத்தியம் பிடித்தது. பெடல் என்றால் கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் தரையில் கிடக்கும் சின்னப் பெட்டி. காலால் அழுத்தினால் சத்தம் மாறும். 1973-ல் வந்த 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' சோலோக்களில் கில்மோர் பயன்படுத்தியது ஃபஸ் ஃபேஸ். வட்டமாக, சிரிக்கிற முகம் மாதிரி இருக்கும் ஆங்கிலேய பெடல். அதன் சர்க்யூட் படத்தை பிரௌஸிங் சென்டரில் அச்செடுத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. இரண்டு ட்ரான்ஸிஸ்டர், நான்கு ரெஸிஸ்டர், மூன்று கெபாஸிட்டர், இரண்டு குமிழ். அவ்வளவுதான். அவர் வைத்திருந்த வகையில் ட்ரான்ஸிஸ்டர் பி.சி. 108. என் லேப் ட்ரான்ஸிஸ்டரின் உடன்பிறப்பு!

சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் டப்பாவைத் துழாவிவிட்டு, "108 இல்ல தம்பி, 107 எடுத்துக்கங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பொதுவாகக் கடைக்காரர்கள் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்றால் நம்பக் கூடாது. ஆனால் அவர் சொன்னது சரி. 107 கூடுதல் வோல்டேஜ் தாங்கும், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெடலுக்கு அது பொருட்டே இல்லை. முக்கியம் என்னவென்றால், ஒரே எண் போட்ட ட்ரான்ஸிஸ்டர்களுக்குள்ளேயே கெய்ன், அதாவது பெருக்கும் திறன், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பத்து வாங்கி வந்து மல்டிமீட்டர் துளையில் ஒவ்வொன்றாகச் செருகி அளந்தேன். ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுக் கேட்டேன். ஒரு ஜோடியில் சத்தம் கிழிந்த துணி மாதிரி இருந்தது, இன்னொன்றில் தொண்டை கட்டிய மாதிரி. நான்காவது ஜோடியில், படத்துக்குப் போகலாமா என்று கேட்க வந்த அறை நண்பன் கதவிலேயே நின்றுவிட்டான். அதை வைத்துக்கொண்டேன்.

பெட்டிக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் எல்லாவற்றையும் அடைத்தேன். மறுநாள் அதிகாலை, அதற்குள் வாங்கியிருந்த சின்ன ஆம்ப்பை அணைக்க மறந்து தூங்கியவர்கள் நாதஸ்வரச் சத்தத்தில் எழுந்தோம். சென்னை வானொலியின் மங்கள இசை, ஃபஸ் ஃபேஸ் வழியாக. பிளாஸ்டிக் டப்பா வெளி அலைகளைத் தடுக்காது; கிடார் ஒயர் ஏரியலாகவும், ட்ரான்ஸிஸ்டர் ரேடியோவின் டிடெக்டராகவும் வேலை செய்திருக்கிறது. எரிச்சலோடு எழுந்தாலும் அணைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டேன். அந்த நாதஸ்வரம் கில்மோருக்குப் பக்கத்தில் வந்தது. நான் அதுவரை வாசித்த எதுவும் வரவில்லை. அடுத்த வாரம் சர்க்யூட்டை அலுமினிய டிஃபன் பாக்ஸுக்குக் குடிமாற்றி எர்த் கொடுத்தேன். வானொலி நின்றது. அறை நண்பனுக்குத்தான் வருத்தம், சாப்பாட்டுக்கு வேறு பாக்ஸ் வாங்க வேண்டியிருந்தது.

ஃபஸ் ஃபேஸ் ஒரு கோபக்கார பெடல் இல்லை. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். கிடாரின் சத்தக் குமிழை 10-லிருந்து 7-க்குக் குறைத்தால் கரகரப்பு விலகி, கண்ணாடி மாதிரித் தெளிந்த சத்தம் வரும். பெடலை அணைக்கவே வேண்டாம்; சுண்டுவிரலால் குமிழைத் திருப்பியே மூன்று நான்கு நிறங்கள் எடுக்கலாம். இன்றைக்கு விற்கிற எத்தனையோ பெடல்களைவிட அந்த டிஃபன் பாக்ஸ் என் கைக்குப் பணிந்தது.

பணிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' ஃபஸ் ஃபேஸ் இல்லையே, பிக் மஃப் அல்லவா! நியூயார்க்கின் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் கம்பெனிச் சரக்கு. கில்மோர் 'அனிமல்ஸ்', 'தி வால்' காலத்தில் அதற்கு மாறியிருந்தார். 2001-ல் நியூ ஜெர்ஸியிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகனிடம் சொல்லிவிட்டேன். "மாப்ள, இந்தப் பொட்டிக்குள்ள என்னடா இருக்கு? ஏர்போர்ட்ல ஒவ்வொருத்தனும் திறந்து பாக்குறான்" என்று திட்டிக்கொண்டே கொடுத்தான். அஞ்சறைப் பெட்டி அளவுக்குத் தகரப் பெட்டி, மூன்று குமிழ். கூடவே டி.டி. 3 டிலே பெடலும் அதற்கான அடாப்டரும்.

கில்மோரின் எதிரொலி ஆரம்பத்தில் பின்ஸன் எக்கோரெக் என்ற இத்தாலிய இயந்திரத்திலிருந்து வந்தது. நாடா இல்லாமல், சுழலும் காந்த வட்டின் விளிம்பில் ஒலியைப் பதித்துத் திருப்பி எடுக்கும் இயந்திரம். அதெல்லாம் நமக்கு எட்டாது. இந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி போதும் என்று நினைத்து, அடாப்டரைப் பின் கன்வர்ட்டரில் செருகி, கன்வர்ட்டரைச் சுவரில் செருகினேன். ஒரு சின்ன 'ம்ம்ம்' சத்தம், பிறகு எரிந்த பேக்கலைட் வாசனை. அடாப்டரின் வயிற்றில் 120 வோல்ட் என்று பெரிதாகவே அச்சிட்டிருந்தது. பின் கன்வர்ட்டர் பின்னைத்தான் மாற்றும், 230 வோல்ட்டை மாற்றாது. எலெக்ட்ரானிக்ஸில் முதல் வகுப்பில் தேறியவன் நான். பெடல் பிழைத்தது, அடாப்டர் போனது. பேட்டரியில் ஓட்டினால் டிஜிட்டல் டிலே ஒரு பேட்டரியை மத்தியானச் சாப்பாடுபோலச் சாப்பிட்டுவிடும். இரண்டு மாதம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எதிரொலித்தேன்.

பிக் மஃப் மேன்ஷன் அறையில் சொர்க்கம். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் ஸ்வரம் வீணையை வில்லால் வாசித்த மாதிரி நின்றது. வந்துவிட்டது, இதுதான், என்று முடிவுகட்டிவிட்டேன். அந்தத் திமிரோடு, நண்பர்களின் பேண்டோடு ஒரு கல்லூரி விழா மேடை ஏறினேன். இரண்டாவது சோலோ வந்தது. பெடலை மிதித்தேன். கிடார் காணாமல் போய்விட்டது. நான் வாசிக்கிறேன், விரல் அசைகிறது, ட்ரம்ஸும் பேஸும் கீபோர்டும் கேட்கின்றன, என்னைத் தவிர எல்லோரும் கேட்கிறார்கள். பேஸ் வாசித்தவன் என் பக்கம் திரும்பி, புருவத்தாலேயே 'ஆரம்பிடா' என்றான்.

காரணம் பிறகு தெரிந்தது. பிக் மஃப்பின் டோன் சர்க்யூட் 1000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள நடு ஒலிகளைக் குழி தோண்டி எடுத்துவிடுகிறது. கீழும் மேலும் மட்டும் மிஞ்சும். தனியாகக் கேட்டால் அது பிரம்மாண்டம். பேண்டுக்குள் போனால் கீழ்ப்பகுதியை பேஸ் எடுத்துக்கொள்ளும், மேலே சிம்பல் எடுத்துக்கொள்ளும், கிடார் குடியிருக்க வேண்டிய நடு வீட்டைத்தான் பெடல் ஏற்கெனவே இடித்துவிட்டதே. கில்மோருக்கு மட்டும் எப்படிக் கேட்டது? அவருக்குப் பின்னால் 100 வாட் ஹைவாட் ஆம்ப்புகள் இருந்தன. நடு ஒலியைத் தாராளமாகத் தருபவை. நிறைய ஏற்றினாலும் எளிதில் கரகரக்காதவை. அந்தச் சத்தத்தில் ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்றே கம்பியை மறுபடி அதிரவைக்கும். ஸ்டுடியோவிலோ சுழலும் ஸ்பீக்கர் ஒன்றின் சத்தத்தையும் கலந்தார். மஃப்பின் கூடவே நடு ஒலியைத் தூக்கிக்கொடுக்க பவர் பூஸ்ட் மாதிரி இன்னொரு பெடல். அவருடைய பெடல் வரிசையின் மிகப் பெரிய பெடல் அந்த ஆம்ப்தான் என்று எனக்குத் தோன்றியது. என்னுடையது 15 வாட்.

அதற்குப் பிறகு வாங்கியதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஃப்ளேஞ்சர், கம்ப்ரஸர், ட்யூப் டிரைவர் மாதிரி ஒன்று, பெயர் மறந்த நீலப் பெட்டி இரண்டு. முதலில் டிலேயை மஃப்புக்கு முன்னால் வைத்துக் கஞ்சி காய்ச்சினேன். எதிரொலிகள் எல்லாம் சேர்ந்து ஒன்றாக அரைபட்டன. பின்னால் மாற்றியதும் தெளிந்தது. 2006 வாக்கில் ஒரு நாள் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. சி.டி.யையும் என் கிடாரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். நண்பர்கள் வித்தியாசம் சின்னதுதான் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் ஏதோ நெருடியது. இத்தனை பளிச்சென்று, இத்தனை அகலமாக ஒரு சத்தத்தையா நான் தேடினேன்?

2019 ஜூனில் கில்மோர் தன் கிடார்களில் 120-க்கும் மேற்பட்டவற்றை நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். பணம் முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தும் ஓர் அமைப்புக்கு. 1970-ல் நியூயார்க் கடையில் வாங்கிய அவருடைய கறுப்பு ஸ்ட்ராட்டகாஸ்டர் மட்டும் 39,75,000 டாலருக்குப் போனது. அந்தச் செய்தியை அலுவலகக் கேன்டீனில் படித்தேன். அவர் கை விட்டுவிட்டாரே, நமக்கென்ன என்று அந்த மாதமே என் பெடல்களை ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கினேன். மஃப்பை வாங்க வந்த கல்லூரிப் பையனிடம் நடு ஒலிக் குழியைப் பற்றிச் சொன்னேன். "ரூம்லதான் சார் வாசிப்பேன்" என்றான். சரியான ஆள் கையில்தான் போயிருக்கிறது.

டிஃபன் பாக்ஸை விற்கவில்லை. யார் வாங்குவார்கள்?

அங்கிளும் கடைசியில் மகனிடமே போய்விட்டார். போகும்போது மர்ஃபியை என் அப்பாவிடம் கொடுத்து, "உன் பையனுக்கு மேன்" என்றாராம். அப்பா காலமான பிறகு அவர் இருந்த வீட்டைக் காலிசெய்யப் போனபோது பரணில் அதுவும், அதன் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் காசெட்டும் கிடைத்தன. ரேடியோவின் பழைய கெபாஸிட்டர்களை மாற்றி உயிர் கொடுத்தேன். காசெட்டை ஓட்ட ஒரு டெக்கை இரவல் வாங்கினேன்.

கேட்டதும் முதலில் அதிர்ச்சி. இசைத்தட்டின் கீறல் சத்தம், நாடாவின் இரைச்சல், பிரதியின் பிரதி என்பதால் மேல் ஒலிகள் மழுங்கி, கீழ் ஒலிகள் கலங்கி, அகலமே இல்லாமல், எல்லாம் நடுவில் திரண்டு நின்றன. சுதி அரை ஸ்வரம் கூட. கில்மோர் இதைக் கேட்டால் தன் வாசிப்பு என்று ஒப்புக்கொள்வாரா தெரியாது. நான் ஒப்புக்கொண்டேன். பதினைந்து வருடம் பெடலாக வாங்கித் தேடியதில் இது ஒரு நாளும் வந்ததில்லை. எப்படி வரும்? நான் வாங்கியதெல்லாம் அவருடைய பெட்டிகள். இந்தச் சத்தத்தில் பாதி தளர்ந்த பெல்ட்டுடையது.

இப்போது ஞாயிறு மத்தியானங்களில் மர்ஃபியைப் போட்டுவிட்டு வால்வு சூடேறக் காத்திருக்கிறேன். மெல்லிய 9 கேஜ் கம்பிகள், அரை ஸ்வரம் ஏற்றியும் அறுவதில்லை. டிஃபன் பாக்ஸின் சுவிட்சைக் கால் கட்டைவிரலால் தட்டினால் ரேடியோ ஒருமுறை செருமும். நடு ஒலிக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு வேறு ஒலி தெரியவும் தெரியாது. இரண்டாவது சோலோவைத் தொடங்குகிறேன். மங்கி முடிகிற வரைக்கும் முழுதாக எனக்குப் பாடம்தான், மேடையிலேயே வாசித்திருக்கிறேன். ஆனால் இந்தச் செட்டில் வாசித்தால் ஒரு நிமிடம் நெருங்கும்போது, அந்த மேல் வளைவுக்குச் சற்று முன்னால், விரல் தானாக நின்றுவிடுகிறது. 'டக்' என்று எதுவும் எகிறுவதில்லை. ரேடியோ மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது.